மறுக்கப்பட்ட இரவு: உவேடா அகினாரியின் ‘புப்போசோ’ கதையில் கோயா மலையும் தங்கலும்

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானின் கோயா மலை ஷிங்கோன் பௌத்தத்தின் தலைமைத் திருத்தலம். இன்று அங்கு மடத்தில் ஓர் இரவு தங்குவது உலகப் பயணிகள் பலரும் விரும்பும் அனுபவம். 1776இல் வெளிவந்த ‘உகெட்சு மொனொகதாரி’ தொகுப்பின் ஐந்தாம் கதையான ‘புப்போசோ’, அதே மலையில் தங்க இடம் மறுக்கப்பட்ட தந்தை, மகன் இருவரின் இரவைச் சொல்கிறது. பேய்க்கதையாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்த இப்படைப்பைத் தங்கல், அடைக்கலம் ஆகிய இரு கருத்துகளின் வழி இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. புனிதத் தலம் அறிமுகமற்று வந்தவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்னும் வினா கதையின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோயா மலை, உவேடா அகினாரி, ஷுகுபோ, ஷிங்கோன் பௌத்தம், அடைக்கலம், ஜப்பானியப் பேய்க்கதை மரபு

மலையும் மடங்களும்

ஜப்பானின் கீ தீபகற்பத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், சிகரங்கள் சூழ்ந்த ஒரு சமவெளியில் கோயா மலைத் தலம் அமைந்துள்ளது. 816இல் சாகா பேரரசர் இவ்விடத்தைக் கூக்காய் (774–835) என்னும் துறவிக்கு வழங்கினார். இறந்தபின் ‘கோபோ தைஷி’ எனப் பட்டம் பெற்ற அவர் இறக்கவில்லை என்றும், மைத்திரேய புத்தர் தோன்றும்வரை தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்றும் ஷிங்கோன் மரபினர் நம்புகின்றனர். மைத்திரேயர் வருகைக்கு அவர்கள் சொல்லும் காலக்கணக்கு 567 கோடி ஆண்டுகள். கூக்காயின் திருச்சமாதி அமைந்த ஒகுனோயின் பகுதிக்கு நாள்தோறும் இருமுறை உணவு எடுத்துச் செல்லப்படுகிறது. அச்சமாதிக்கு முன்னால் விளக்கு மண்டபம் உள்ளது. அதற்குச் செல்லும் இரண்டு கிலோமீட்டர்ப் பாதையின் இருமருங்கிலும் வானளாவிய தேவதாரு மரங்களுக்கிடையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளும் நினைவுக்கற்களும் உள்ளன என்பர். மைத்திரேயர் வரும் நாளில் அருகிருக்க வேண்டும் என்னும் விருப்பமே அவற்றை அங்குக் குவித்தது.

மலைமேல் இன்று நூற்றுக்கு மேற்பட்ட மடங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது மடங்கள் பயணிகளுக்குத் தங்குமிடம் தருகின்றன. இவ்வகை மடவிடுதிக்கு ‘ஷுகுபோ’ என்று பெயர். கோரைப்பாய் விரித்த அறை, இறைச்சியும் மீனும் நீக்கிய மடத்து உணவு, உறையவைத்து உலர்த்திய ‘கோயா தோஃபு’, எள்ளில் செய்த தோஃபு, விடியற்காலை மந்திர வழிபாடு ஆகியன பற்றிய வருணனைகள் தற்காலப் பயண எழுத்தில் மிகுதியாகக் கிடைக்கின்றன. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இத்தலம் இடம்பெற்றபின் அவை பெருகின. அவற்றுட் பெரும்பான்மை ஒரே வாய்பாட்டில் இயங்குகின்றன. நகர வாழ்வில் களைத்தவர் மலையேறுகிறார். மடம் கதவு திறக்கிறது. இரவின் அமைதியில் உள்ளம் தெளிகிறது. கதவு திறக்கும் என்பதில் இவ்வெழுத்துக்கு ஐயமே எழுவதில்லை. முன்பதிவு செய்தவருக்கு எழ வேண்டியதும் இல்லை.

அகினாரியின் கதை அந்த ஐயத்திலிருந்தே தொடங்குகிறது.

தெரிந்த மடமும் தெரியாத மடமும்

உவேடா அகினாரி (1734–1809) ஒசாகாவில் வளர்ந்தவர். புனைகதையாளர், மருத்துவர், பழஞ்ஜப்பானிய இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையாளர். ‘உகெட்சு மொனொகதாரி’யை ‘மழையும் நிலவும் கலந்த இரவின் கதைகள்’ எனத் தமிழில் சுட்டலாம். ஒன்பது கதைகள் கொண்ட இத்தொகுப்பு சீனப் பேய்க்கதை மரபுக்கும், அம்மரபை ஜப்பானிய மண்ணுக்கேற்ப மாற்றிய அசாய் ரியோயியின் ‘ஒதோகிபோகோ’ (1666) போன்ற நூல்களுக்கும் கடன்பட்டது. மிசோகுச்சி கென்ஜி 1953இல் எடுத்த திரைப்படம் இத்தொகுப்பை உலகறியச் செய்தது. எனினும் அவர் எடுத்துக்கொண்டவை வேறு இரண்டு கதைகள். ‘புப்போசோ’ அப்புகழொளிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. காதலும் வஞ்சமும் இல்லாத கதை. வரலாற்று மாந்தர் பேய்களாக அமர்ந்து கவிதைக்குப் பொருள் விளக்குவதிலேயே பாதி கழிகிறது. திரைக்கு ஆகாதது வியப்பன்று.

கதையின் தொடக்கம் அச்சமூட்டுவதாக இல்லை. நாட்டில் நெடுங்காலமாக நிலவும் அமைதியையும், மக்கள் வசந்தத்தில் மலர்களும் இலையுதிர்காலத்தில் செவ்விலைகளும் கண்டு மகிழ்வதையும் ஆசிரியர் பாராட்டித் தொடங்குகிறார். இசே நாட்டைச் சேர்ந்த ஒருவர் வணிகத்தைத் தலைமகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைமுடி மழித்து, முசென் எனப் பெயர் சூடிக்கொள்கிறார். துயரோ பெரும்பற்றோ அவரை அதற்குத் தூண்டவில்லை. ஓய்வுக்காலப் பயணமே அவர் நாட்டம். முசென் என்னும் பெயருக்குக் ‘கனவு போன்ற’ என்று பொருள். விறைப்பான இயல்புடைய இளைய மகன் சகுனோஜிக்கு நகரத்து நயங்களைக் காட்ட எண்ணி, அவனையும் உடன் அழைத்துச் செல்கிறார்.

பயணத்தில் அவர்கள் எங்கெங்குத் தங்கினர் என்பதை அகினாரி கவனமாகக் குறித்துள்ளார். கியோட்டோவில் தங்கியது அவர்களுக்குச் சொந்தமான இல்லத்தில். ஒரு மாதத்துக்கு மேல். யோஷினோ மலையில் செர்ரி மலர்களைக் கண்டபின் தங்கியது முசெனுக்கு முன்பே தெரிந்த ஒரு மடத்தில்; ஏழு நாள். பிறகே, இதுவரை பார்க்காத கோயா மலையையும் பார்த்துவிடலாம் என்று புறப்படுகின்றனர். சொந்த வீடு, தெரிந்த மடம், எவரையும் தெரியாத மலை என்று இவ்வரிசை செல்கிறது. கதையின் உள்ளியக்கத்தை இது முன்கூட்டியே அமைத்துவிடுகிறது. ஆயினும் பேய்களின் வருகையை நோக்கி விரைவோர் இப்பகுதியை வெறும் முன்னுரையாகக் கடந்துவிடுகின்றனர்.

எதிர்பார்த்ததைவிடக் கடினமான பாதையில் ஏறி அவர்கள் மலையை அடையும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. மண்டபங்களையும் சமாதியையும் வணங்கியபின் தங்க இடம் கேட்கின்றனர். விடை சொல்பவர் எவரும் இல்லை. வழியில் வந்த ஒருவரிடம் ஊர் வழக்கத்தைக் கேட்க, மடத்திலோ துறவியரிடமோ தொடர்பு இல்லாதவர் மலையடிவாரத்துக்கு இறங்கித்தான் இரவைக் கழிக்க வேண்டும் என்றும், இம்மலை வழிப்போக்கருக்கு ஓர் இரவும் இடம் தருவதில்லை என்றும் அவர் தெரிவிக்கிறார். முசென் மனம் சோர்கிறார்.

இது கதைக்காகப் புனைந்த தடை அன்று. எதோ காலத்தில் கோயா மலை மடங்கள் குறுநில மன்னர்களுடனும் ஊர்களுடனும் நிலையான உறவு ஒப்பந்தங்கள் வைத்திருந்தன. இன்ன நாட்டார் இன்ன மடத்தில் தங்க வேண்டும் என்பது அவற்றால் வரையறுக்கப்பட்டது. அம்மடத்துக்கு அந்நாட்டாரின் காணிக்கையும் ஈமக்கடன்களும் உரியவை. தங்கல் என்பது அங்கு விருந்தோம்பலைக் காட்டிலும் உரிமை உறவாகவே இருந்தது. நாற்றிசைச் சங்கத்துக்கு உரியது மடம் என்னும் பௌத்தத்தின் தொல்கருத்து, திசையெங்கும் இருந்து வரும் துறவியருக்கு உரியதே அன்றி உலாவரும் வணிகருக்கு உரியதன்று என வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் முசென் தலைமழித்தவர். அவருடைய துறவுக்கோலத்துக்கு மலை எம்மதிப்பும் தரவில்லை. ‘தொடர்பு உண்டா’ என்பதே அங்கு வினா. துறவு வேடத்தில் உல்லாசப் பயணம் செய்யும் ஒருவரையும், மடத்தின் பெயரில் உரிமைக்கணக்கு நடத்தும் ஒரு மலையையும் அகினாரி எதிரெதிரே நிறுத்துகிறார். இரு பக்கத்திலும் அவருக்குப் பெருமதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

தங்கல் விழிப்பாக மாறுதல்

இடம் மறுக்கப்பட்டபின் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் பகுதி தொகுப்பின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. விறைப்பானவன் என அறிமுகமான சகுனோஜி, தான் புல்லில் படுப்பதற்குத் தயங்கவில்லை, தந்தை நோயுறுவாரே என்பதுதான் வருத்தம் என்கிறான். பயணம் என்றால் இதுதான் என்று முசென் தேற்றுகிறார். நாட்டின் தலைசிறந்த திருத்தலத்தில் இரவு முழுதும் விழித்திருந்து மறுமைக்காக வேண்ட இது நல்வாய்ப்பு என்றும் சொல்கிறார். ஒரு சில வாக்கியங்களில் இல்லாமை நோன்பாகிவிடுகிறது. சமாதியின் முன் இரவெல்லாம் விழித்திருத்தல் ஜப்பானியப் பௌத்தத்தில் நன்கறியப்பட்ட வழிபாட்டு முறை. முசெனின் சொற்கள் மரபுக்கு முரணானவை அல்ல. அவை பொய்யும் அல்ல. வேறு வழியின்மையால் வந்த பக்தி, அவ்வளவே. விளக்கு மண்டபத்தின் மரத்திண்ணையில் மழைக்காப்பு உடையை விரித்து அமர்ந்து புத்தர் பெயரை ஓதும்போதும், இரவு நீள்வதை எண்ணி அவர் வருந்துவதை ஆசிரியர் மறைக்கவில்லை.

அவ்விடத்தின் வருணனையும் நோக்கத்தக்கது. சிறு கல்லும் அகற்றிப் பெருக்கிய புண்ணிய நிலம். ஆயினும் மடங்கள் தொலைவில் உள்ளதால் மந்திர ஒலியோ மணியோசையோ அங்குக் கேட்பதில்லை. மேகத்தைத் தொடும் மரங்களும், வழியோரம் ஓடும் நீரின் மெல்லொலியும் மட்டுமே உள்ளன. மலையின் மிகப் புனிதமான இடத்தில், மலையின் துறவியர் ஒருவர்கூட இல்லை. இக்கதை முழுவதிலும் உயிருள்ள துறவி எவரும் வாய் திறப்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

பறவையின் குரலில் விடுபட்டது

அம்மௌனத்தில் ஒரு பறவை கூவுகிறது. ‘புப்போசோ’ என்னும் பெயரில் மூன்று சொற்கள் உள்ளன: ‘புட்சு’ என்பது புத்தர், ‘ஹோ’ என்பது தன்மம், ‘சோ’ என்பது சங்கம். மும்மணிகளைக் கூவும் பறவை என்பதால் அதற்கு இப்பெயர். கூக்காயே அதன் குரலைச் சீன மொழிக் கவிதையில் பாடியவர். முசென் அதை மகனுக்கு நினைவூட்டுகிறார். தாமும் ஒரு ஹைக்கு இயற்றுகிறார்.

கதையின் தலைப்பு மூன்று மணிகளையும் சொல்கிறது. ஆனால் கதைக்குள் காட்டிலிருந்து எழும் குரலாக அகினாரி எழுதியிருப்பது முதலிரண்டை மட்டுமே. ‘புத்தம், தன்மம்’ என்று மட்டும் பறவை திரும்பத்திரும்பக் கூவுகிறது, சங்கம் விடுபட்டுள்ளது. ஒலிக்குறிப்புச் சொல்லின் இயல்பான சுருக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியும். ஒரே ஓர் அசையின்மேல் பெருங்கட்டடம் எழுப்புவதும் தகாது. எனினும் தங்க இடம் கேட்டபோது விடை சொல்ல எவரும் வரவில்லை. மடங்களின் ஓசை எட்டவில்லை. துறவியர் எவரும் தோன்றவில்லை. இவ்வளவுக்கும் பின், பறவையின் குரலிலும் சங்கம் இல்லை. சொற்களின் மூலத்தை வாழ்நாள் முழுதும் ஆய்ந்த ஒரு புலவரின் கையில் இவை தற்செயலாகச் சேர்ந்தன என்று கொள்வது கடினம்.

இப்பறவையின் பிற்கால வரலாறு அகினாரி அறியாதது, ஆனாலும் சொல்லத்தக்கது. பனங்காடைக் குடும்பத்தைச் சேர்ந்த நீலநிறப் பறவையொன்றே அக்குரலுக்கு உரியது என ஜப்பானியர் நூற்றாண்டுகளாக நம்பி, அதற்கே ‘புப்போசோ’ எனப் பெயரிட்டிருந்தனர். 1935இல் வானொலி ஒலிபரப்பை ஒட்டி நடந்த ஆய்வுகளால், மும்மணி கூவியது அப்பறவை அன்று, ‘கொனொஹசுகு’ என்னும் சிற்றாந்தை என்பது உறுதியாயிற்று. புகழ் ஒன்றுக்கும் குரல் வேறொன்றுக்குமாக ஆயிரம் ஆண்டு கழிந்திருந்தது.

பேய்களின் புலமை

நள்ளிரவில் வழிவிடச் சொல்லும் கட்டளைக் குரல் கேட்கிறது. ஒரு பெருமகனும் அவன் படைவீரரும் வந்து மண்டபத்தில் அமர்ந்து விருந்துண்கின்றனர். தந்தையும் மகனும் கீழே ஒதுங்கி நடுங்குகின்றனர். பெருமகன் தொடர்கவிதை வல்லுநர் சடோமுரா ஜோஹாவை அழைத்து, ஒகுனோயினில் ஓடும் தமகாவா ஆற்றைப் பற்றிக் கூக்காய் பெயரால் வழங்கும் கவிதையின் பொருளைக் கேட்கிறான். அந்நீர் நஞ்சுடையது, வழிப்போக்கர் மறந்தும் அதைப் பருகலாகாது என எச்சரிக்கவே கவிதை பாடப்பட்டது என்பது பழைய முன்குறிப்பின் விளக்கம். ஜோஹா அதை மறுக்கிறார். தேவரையும் பூதங்களையும் அடக்கிய பெரியார், தாம் நிறுவிய மலையில் நச்சாறு ஓட விட்டிருப்பாரா? ஆறு தூயது, கவிதை அதன் அழகைப் புகழ்வது, முன்குறிப்பு பின்னால் வந்தவர் சேர்த்தது. இது அவர் தீர்ப்பு.

இப்பகுதியைக் கதையோட்டத்தைத் தடுக்கும் புலமைக் காட்சி எனக் குறைகூறுவது எளிது. அகினாரி தம் உரையாசிரிய நாட்டத்தை அடக்க இயலாமல் பேயின் வாயில் வைத்துவிட்டார் என்பதிலும் உண்மை உள்ளது. ஆனால் விவாதப்பொருளைப் பார்க்க வேண்டும். புனித மலை தன்னிடம் வரும் வழிப்போக்கருக்கு நஞ்சு தருமா, நீர் தருமா என்பதே அங்குக் கேட்கப்படும் வினா. கீழே ஒளிந்து கேட்டுக்கொண்டிருப்பவரோ, அம்மலை தங்க இடம் தர மறுத்த வழிப்போக்கர். நிறுவியவரின் அருள் ஒன்று; பின்னால் வந்தவர்கள் அதன்மேல் எழுதிச் சேர்த்த விதி வேறு. ஜோஹாவின் உரைநெறியை ஆற்றிலிருந்து மலையின் வழக்கத்துக்கு நீட்டினால், ‘இம்மலை வழிப்போக்கருக்கு இடம் தராது’ என்பதும் ஒரு பிற்கால முன்குறிப்பாகவே எஞ்சும். அகினாரி அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

கூக்காயின் வாழ்வும் இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. 804இல் சீனம் சென்ற அவர், சாங்கான் நகரின் சிமிங் மடத்தில் அயல்நாட்டு விருந்தினராகத் தங்கியே ஹுய்குவோவிடம் மறைநெறி பயின்றார். அந்நெறியைச் சீனத்துக்குக் கொணர்ந்தோருள் ஒருவர் வச்சிரபோதி (671–741). ஷிங்கோன் மடங்களில் ஓவியமாக வணங்கப்படும் ஆசிரியர் எண்மருள் அவரும் ஒருவர். அவர் தென்னிந்தியாவின் மலய நாட்டினர் எனச் சீன வரலாற்றுக் குறிப்புகளுள் ஒன்று கூறும். வறட்சியுற்ற காஞ்சியில் பல்லவ மன்னன் வேண்டியதற்கிணங்க மழை வருவித்தார் என்ற செய்தியும், இலங்கையின் அபயகிரி மடத்தில் தங்கினார் என்ற செய்தியும் அக்குறிப்புகளில் உண்டு. தமிழகத்தையும் கோயா மலையையும் இணைக்கும் இந்நூலிழை, மடத்துக்கு மடம் விருந்தினராகச் சென்றவர்களின் கைகளால் நூற்கப்பட்டது.

இதற்கு நேரெதிர் நகைமுரண் ஒன்றும் கோயா மலைக்கு உண்டு. இடைக்காலத்தில் ‘கோயா ஹிஜிரி’ எனப்பட்ட மலைத்துறவியர் நாடெங்கும் அலைந்து காணிக்கை திரட்டினர்; இரவானதும் வீட்டு வாயில்களில் தங்க இடம் கேட்டனர். அவர்களுக்கு இடம் கொடுத்தால் வீட்டுப்பெண்ணுக்கு ஆபத்து என எச்சரிக்கும் பழமொழியே எழுந்தது. 1900இல் இசுமி கியோகா எழுதிய ‘கோயா ஹிஜிரி’ நெடுங்கதை இவ்வழக்கின் நிழலில் நிற்கிறது. அதில் கோயா மலைத் துறவி, பனிபெய்யும் இரவில் சுருகா நகர விடுதியொன்றில், மலைக்காட்டில் ஒரு பெண்ணின் வீட்டில் தான் தங்கிய கதையை உடன் தங்கியவனுக்குச் சொல்கிறார். உலகம் கோயா மலையானுக்கு இடம் தருகிறது.

அடைக்கலம் பெற்றவனின் நிலை

பறவை மீண்டும் கூவ, இன்றிரவு வழிப்போக்கர் ஒருவர் இக்குரலைக் கேட்டு ஹைக்கு இயற்றினார் என ஜோஹா கூறுகிறார். முசென் முன்னே அழைக்கப்படுகிறார். பெருமகன் யார் எனக் கேட்டபோது கிடைக்கும் விடை: ஹிடெட்சுகு.

டொயொடோமி ஹிடெட்சுகு (1568–1595), நாட்டை ஆண்ட ஹிடெயோஷியின் தமக்கை மகன். வாரிசு இல்லாத ஹிடெயோஷி 1591இல் பேரரசரின் தலைமை ஆட்சியாளர் பதவியை இவனுக்கு அளித்தார். 1593இல் ஹிடெயோஷிக்கு மகன் பிறந்ததும் மருமகன் வேண்டாதவனானான். 1595இல் அரசவஞ்சகக் குற்றம் சாட்டப்பட்டுக் கோயா மலைக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே வயிற்றைக் கிழித்து உயிர்விட்டான். ஹிடெயோஷி தம் தாயின் நினைவாகக் கட்டுவித்த செய்கன்ஜி மடத்தில் அது நிகழ்ந்தது. அம்மடமே பின்னாளில் கோயா மலையின் தலைமைக் கோயிலான கொங்கோபுஜியின் பகுதியாயிற்று. ஹிடெட்சுகு உயிர்விட்டதாகச் சொல்லப்படும் ‘வில்லோ அறை’ இன்றும் பார்வையாளருக்குக் காட்டப்படுகிறது.

கோயா மலை நெடுங்காலமாகத் தோற்றவர்க்கும் துரத்தப்பட்டவர்க்கும் அடைக்கலமாகக் கருதப்பட்டது. ஹிடெட்சுகு தொடர்பற்றவனும் அல்லன். அவனுடைய குடும்பமே கட்டிய மடம் அது. முசெனுக்கு இல்லாத ‘தொடர்பு’ அவனுக்கு முழுமையாக இருந்தது; அவனுக்குக் கதவு திறந்தது; அறை கிடைத்தது. அவ்வறையிலேயே அவன் இறந்தான். திண்ணையில் ஒதுங்கிய வணிகரும் மண்டபத்தில் அமர்ந்த ஆட்சியாளனும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்பது இங்கே புலனாகிறது. கதையை வெறும் பேய்ச் சந்திப்பாகப் படிப்பவர்கள், ஏன் இந்தப் பேய், ஏன் இந்த மனிதருக்கு என்ற வினாவை எழுப்பாமலே விடுகின்றனர். வேறு எந்த வரலாற்றுப் பேயை வைத்திருந்தாலும் முதற்பாதியில் மறுக்கப்பட்ட தங்கல் பொருளற்ற தகவலாக நின்றிருக்கும்.

விருந்து முடியும் வேளை, அசுர நாழிகை வந்துவிட்டது என்ற அறிவிப்பு எழுகிறது. எல்லோர் முகமும் குருதிநிறம் கொள்கிறது. தன் அழிவுக்குக் காரணமானோர் என எண்ணும் இஷிடா, மசுடா கூட்டத்தாரை இன்றிரவும் கலங்கடிப்போம் என ஹிடெட்சுகு எழுகிறான். இவ்விருவரையும் அசுர உலகுக்கு இழுத்து வருமாறு ஆணையிடுகிறான். ஆயுள் முடியாதவர்கள், பழைய தீச்செயலை மீண்டும் செய்யற்க என முதுவீரர்கள் தடுக்கின்றனர். உருவங்கள் வானில் மறைகின்றன.

ஒகுனோயின் கல்லறைகளைப் பற்றிப் பயண எழுத்தில் தவறாமல் வரும் ஒரு செய்தி உண்டு. பகைவர்கள் இங்கே அருகருகே துயில்கின்றனர் என்பதே அது. ஒட நொபுநாகாவுக்கும் அவரை அழித்த அகெச்சி மிட்சுஹிடெக்கும், ஹிடெயோஷிக்கும் இஷிடா மிட்சுனாரிக்கும் அங்கு நினைவிடங்கள் உள்ளமை உண்மைதான். மரணமும் மலையும் பகையைத் தீர்த்துவைத்தன என்னும் ஆறுதல் அக்காட்சியிலிருந்து எளிதில் எழுகிறது. அகினாரி அவ்வாறுதலை ஏற்கவில்லை. அவருடைய ஒகுனோயினில், கூக்காயின் சமாதிக்கு எதிரிலேயே, ‘இன்றிரவும்’ போர் தொடர்கிறது. அம்மண்ணில் இறந்தவனுக்கு வீடுபேறு கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கதை விடை தரவில்லை, கூக்காயும் குறுக்கிடவில்லை. விடிந்தபின் முசென் அவர் பெயரை உரக்க ஓதுகிறார் என்பது மட்டுமே பதிவாகியுள்ளது. பக்தி நோக்கில் படிப்போர் அப்பெயரே காத்தது என்பர். கதையின்படி இருவரையும் காத்தது முதுவீரர்களின் சொல். அதாவது பேய்களுக்குள் எஞ்சியிருந்த மனச்சான்று. மலையில் அவ்விரவு வழிப்போக்கருக்குப் பரிந்து பேசியவர்கள் அவர்கள் மட்டுமே.

வாயிலுக்கு வெளியே பெண்கள்

‘புப்போசோ’ கதையில் பெண்கள் இல்லை; இருக்கவும் இயலாது. 1872இல் அரசாணை நீக்கும்வரை பெண்கள் கோயா மலைத் தலத்துள் நுழையத் தடை இருந்தது. மலைக்குச் செல்லும் ஏழு வழிகளின் வாயில்களிலும் பெண்களுக்கான மண்டபங்கள் கட்டப்பட்டிருந்தன. பெண்கள் அங்கேயே தங்கி வழிபட்டு, தலத்தைச் சூழ்ந்த மலைமுகடுகளில் நடந்து, மரங்களினூடே சமாதியின் திசையை நோக்கி வணங்கித் திரும்பினர். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே.

இவ்விலக்கின் துயரை நாட்டார் மரபு ‘கருகயா’ என்னும் கதைப்பாடலில் பதித்துள்ளது. தந்தையைத் தேடி மலையேறும் சிறுவன் இஷிதோமாருவின் தாய் அடிவாரத்திலுள்ள கமுரோ ஊரில் காத்திருக்கிறாள். மகன் தந்தையைக் கண்டும் அறிந்துகொள்ளவில்லை. துறவியாகிவிட்ட தந்தை தன்னை வெளிப்படுத்தாமல், நீ தேடுபவர் இறந்துவிட்டார் என அனுப்பிவிடுகிறார். சிறுவன் இறங்கி வருவதற்குள் தாய் இறந்துகிடக்கிறாள். இக்கதையைத் துறவின் உறுதிக்குச் சான்றாக மடங்களில் சொல்வது வழக்கம். கேட்டு அழுதவர்கள் தந்தையின் உறுதிக்காகத்தான் அழுதனரா என்பது வேறு.

அகினாரியின் கதை மலையில் முடிவதில்லை. விடியற்பனி முகத்தில் விழ உணர்வு மீண்ட தந்தையும் மகனும் விரைந்து இறங்கிக் கியோட்டோ சென்று, மருந்தும் ஊசிமருத்துவமும் செய்துகொள்கின்றனர். பின்னொரு நாள் முசென் சான்ஜோ பாலத்தைக் கடக்கிறார். அதன் அருகே ஆற்றுப்படுகையில் ஹிடெட்சுகு இறந்த அடுத்த மாதம் அவன் மனைவியர், காதற்கிழத்தியர், பிள்ளைகள் என முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெட்டிக் கொல்லப்பட்டு, ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். அம்மேட்டுக்கு ‘கொடும்பாவ மேடு’ என்று பெயர். 1611இல் அங்குச் சுய்சென்ஜி என்னும் கோயில் எழுந்தது. பட்டப்பகலில் அவ்விடத்தை நினைத்து, பார்வை தானாக அக்கோயிலின் பக்கம் இழுக்கப்பட, முசெனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதை அவர் கியோட்டோ மக்களிடம் சொன்னார் என்று கதை நின்றுவிடுகிறது.

மலையில் ஹிடெட்சுகுவுக்கு ஓர் அறையும், இறந்தபின் இரவுதோறும் விருந்தும் கவிதையும் கிடைக்கின்றன. அவன் பெண்டிருக்கு எந்த மலையும் இல்லை. அவர்களுடைய பேய்களும் கதையில் வருவதில்லை. வருவது அவர்கள் கிடக்கும் இடம் மட்டுமே. அதுவும் இரவில் அன்று, சந்தடி மிகுந்த பாலத்தருகே, எவரும் கடந்துசெல்லும் பகலில். சமாதியின் முன் அத்தனையும் கண்டபோது முசென் தம் ஹைக்குவைத் தாளில் எழுதிக் கொடுக்கும் அளவுக்கேனும் நிதானத்துடன் இருந்தார். இங்கே அவர் எதையும் எழுதவில்லை.